பம்பரில் உடைசல், கையில் 45 சதவீதம்: க்ளெய்ம் போடலாமா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. எங்கள் கார் 1,197 சி.சி. பெட்ரோல் வண்டி, வாங்கி ஐந்து வருடம் ஆகப்போகிறது. என் கணவர் பெயரில் இருந்தது. அவர் போன வருடம் தவறிவிட்டார். ஆர்.சி.யையும் பாலிசியையும் என் பெயருக்கு மாற்றிவிட்டோம். அவர் ஒரு முறைகூட க்ளெய்ம் வாங்கியதில்லை, அதனால் இப்போது 45 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி.) இருக்கிறது. பாலிசிகளையெல்லாம் வருட வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார். அதன் நகல்களையும் ரினியூவல் நோட்டீசையும் இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ரினியூவல். இந்த நேரத்தில், வாசலில் நிறுத்தியிருந்த காரைத் தண்ணீர் வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டது. பின்பக்க பம்பர் உடைந்து, பின் கதவும் அதை ஒட்டிய தகடும் நசுங்கிவிட்டன. வேன்காரர் 2,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கம்பெனி வொர்க்‌ஷாப்பில் 14,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டு, "க்ளெய்ம் போட்டுடுங்க மேடம், உங்க கையிலேர்ந்து ஆயிரம்தான் வரும்" என்றார்கள். நானும் போன் செய்து க்ளெய்ம் நம்பர் வாங்கிவிட்டேன்; சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் இன்னும் வரவில்லை. என் தம்பியோ, "க்ளெய்ம் வாங்கிக்கோ, ரினியூவலுக்கு வேற கம்பெனிக்கு மாறிடு, அவங்களுக்குத் தெரியாது" என்கிறான். ஏஜென்ட் 'என்.சி.பி. புரொடெக்ட்' என்று 640 ரூபாய்க்கு ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். அடுத்த வருடம் இந்த வண்டியை விற்று, ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கும் எண்ணமும் உண்டு. அப்போது அவர் சேர்த்துவைத்த இந்தத் தள்ளுபடி போய்விடுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். இந்தக் க்ளெய்ம் வேண்டாம். வேன்காரர் தரும் 2,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, மீதியை நீங்களே போட்டு வண்டியைச் சரிசெய்யுங்கள். வாங்கிய க்ளெய்ம் நம்பரை, சர்வேயர் வருவதற்கு முன்பே எழுத்து மூலம் திரும்பப் பெற்றுவிடுங்கள். தம்பி சொன்னதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பாலிசி நகலைப் பாருங்கள். பிரீமியம் இரண்டு பாகமாக இருக்கிறது. ஒன்று 'ஓன் டேமேஜ்', சுருக்கமாக ஓ.டி.; நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கானது. மற்றது 'தேர்டு பார்ட்டி', நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கானது. நோ க்ளெய்ம் போனஸ் கழிவது ஓ.டி.யில் மட்டும்தான். தேர்டு பார்ட்டி கட்டணம் அரசு அறிவிப்பது. உங்கள் வண்டியைப் போல 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணம் 3,416 ரூபாய். எத்தனை வருடம் கீறல் படாமல் ஓட்டினாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. மொத்த பிரீமியத்தில் 45 சதவீதம் குறைகிறது என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

ஓ.டி.யில் கழிவு படிப்படியாக ஏறும். க்ளெய்ம் இல்லாமல் முதல் வருடம் முடிந்தால் 20 சதவீதம். தொடர்ந்து இரண்டாவது வருடமும் முடிந்தால் 25, அப்புறம் 35, 45, ஐந்தாவது வருடம் முடிந்தால் 50. அதற்கு மேல் கிடையாது. 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் எழுதப்பட்ட படிகள் இவை. 2007-லிருந்து ஓ.டி. கட்டணத்தை இன்சூரன்ஸ் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்று ஆன பிறகும் இந்தப் படிகள் அப்படியே இருக்கின்றன. உங்களுக்கு அடுத்த மாதம் கடைசிப் படி, 50 சதவீதம்.

ஒரே ஒரு க்ளெய்ம் பணம் கைக்கு வந்தால் போதும், அடுத்த ரினியூவலில் அத்தனையும் பூஜ்யம். பரமபதத்தில் மேல் கட்டத்தில் இருக்கும் பெரிய பாம்பு கடித்த மாதிரிதான். வாங்கியது 3,000 ரூபாயா, 3 லட்சமா என்று அது பார்க்காது. தவறு யார் மேல் என்றும் பார்க்காது. "நிறுத்தியிருந்த வண்டியில் அவன் வந்து இடித்தான், என் போனஸ் ஏன் போக வேண்டும்?" என்று கேட்காதவர்களே இல்லை. கேள்வி நியாயமானது. ஆனால் நீங்கள் எத்தனை ஜாக்கிரதையாக ஓட்டினீர்கள் என்பதற்காகத் தரும் பரிசு இல்லை இது. உங்கள் சொந்த பாலிசியின் ஓ.டி.யிலிருந்து பணம் வாங்கினீர்களா இல்லையா, அவ்வளவுதான்.

சரி, உங்கள் எஸ்டிமேட்டுக்கு வருவோம். பம்பர் புதிதாக 3,800, டிங்கரிங் கூலி 3,900, பெயின்டிங் 6,500. "கையிலேர்ந்து ஆயிரம்தான் வரும்" என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னது தேய்மானம் கழிக்காமல் தரும் 'ஸீரோ டெப்' என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்தவர்களுக்குப் பொருந்தும். உங்கள் பாலிசியில் அது இல்லை. அதனால் தேய்மானம் கழிப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக், ரப்பர், பிளாஸ்டிக் பொருள்களுக்குப் பாதி கழியும், அதில் 1,900 ரூபாய் உங்கள் தலையில். பெயின்டிங் பில்லில் கால் பங்கை வண்ணப் பொருளின் விலை என்று வைத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 812 ரூபாய். கூலியில் கழிவு இல்லை. 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1,000. கூட்டினால் 3,712 ரூபாய் நீங்கள் கட்டுவீர்கள், கம்பெனி சுமார் 10,488 தரும். கதவையே மாற்ற வேண்டி வந்திருந்தால் இன்னும் கழிந்திருக்கும். நான்கு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டியில் இரும்புப் பாகங்களுக்கு 35 சதவீதத் தேய்மானம்.

இப்போது எதிர்ப்பக்கம். ரினியூவல் நோட்டீசில் கழிவுக்கு முன் ஓ.டி. 9,000 ரூபாய் என்று இருக்கிறது. க்ளெய்ம் போடாவிட்டால் 4,500 கட்டுவீர்கள், போட்டால் முழு 9,000. இங்கேயே 4,500 போயிற்று. பெரும்பாலானவர்கள் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 10,488 வருகிறது, 4,500 போகிறது, லாபம்தானே என்று தோன்றும். ஆனால் பாம்பு கடித்துக் கீழே வந்தவர் மறுபடி ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். அதற்கடுத்த வருடம் நீங்கள் 50-ல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் 20-ல் இருப்பீர்கள். அப்புறம் 25, 35, 45. ஆறாவது ரினியூவலில்தான் பழைய இடத்துக்கு வருவீர்கள். வண்டியின் மதிப்பு குறையக் குறைய ஓ.டி.யும் 8,500, 8,000, 7,500, 7,000 என்று இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும், வித்தியாசம் முறையே 2,550, 2,000, 1,125, 350. முதல் வருட 4,500-ஐயும் சேர்த்தால் 10,525. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 12,420 ரூபாய்.

வருவது 10,488, போவது 12,420. க்ளெய்ம் போட்டால் சுமார் 1,900 ரூபாய் நஷ்டம். வேன்காரரின் 2,000 ரூபாயையும் பாருங்கள். கம்பெனியிடம் இழப்பீடு வாங்கிக்கொண்டு அதே சேதத்துக்கு அவரிடமும் வாங்குவது முறையில்லை. ஆக, அந்தப் பணம் கைக்கு வருவது நீங்கள் க்ளெய்ம் போடாமல் இருந்தால்தான். வித்தியாசம் ஏறக்குறைய 4,000 ரூபாய் ஆகிறது.

இந்தக் கணக்கை மற்ற வாசகர்களும் போட்டுக்கொள்ள ஒரு சுருக்கு வழி உண்டு. வரும் ரினியூவலில் உங்களுக்குக் கிடைக்கவிருந்த கழிவு 20 சதவீதம் என்றால், ஒரு க்ளெய்மினால் அடுத்தடுத்த வருடங்களில் மொத்தமாகப் போவது கழிவுக்கு முந்தைய ஒரு வருட ஓ.டி.யில் பாதி. கிடைக்கவிருந்தது 25 என்றால் போவது 80 சதவீதம். 35 என்றால் 105, 45 என்றால் 120, 50 என்றால் 125. ஓ.டி. மாறாமல் இருந்து, மறுபடி க்ளெய்மும் வராமல் இருந்தால் வரும் அளவு இது. வண்டிக்கு வயது ஏறுவதால் இதில் கொஞ்சம் குறையும். ஒரு வருடத்தில் வண்டியை விற்றுவிட்டு இனி கார் வேண்டாம் என்று இருப்பவருக்குப் போவது முதல் வருட வித்தியாசம் மட்டும்தான். அவர் க்ளெய்ம் போடுவதே சரி.

நீங்கள் அப்படி இல்லை. அடுத்த வருடம் வேறு கார் வாங்கப் போகிறேன் என்கிறீர்கள். அதனால் உங்கள் 50 சதவீதத்தின் மதிப்பு நான் மேலே போட்ட கணக்கைவிட இன்னும் அதிகம். அதைக் கடைசியில் விளக்குகிறேன்.

பம்பருக்கு ஒரு வார்த்தை. க்ளெய்ம் என்றால் வொர்க்‌ஷாப்பில் பொருளை மாற்றவே பார்ப்பார்கள். கைக்காசு என்று சொன்னதும் பேச்சு மாறும். பிளாஸ்டிக் பம்பரில் விரிசல் மட்டும் என்றால் சூடுகாட்டி ஒட்டவைத்து பெயின்ட் அடிக்கும் கடைகள் திருநெல்வேலியிலேயே இருக்கின்றன. இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாட்டும் கொக்கிகள் உடைந்திருந்தால் மட்டும் புதிதே நல்லது, இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஆடும். இன்னொன்று: "இடது பக்கம் பழைய கீறலும் இருக்கு, இதோட சேர்த்தே போட்டுடலாம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். வேறு நாளில் நடந்ததை இந்த விபத்தில் நடந்ததாக எழுதுவது பொய். கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர்கள் இல்லை.

க்ளெய்மே போடக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் உங்கள் பக்கம் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்போது என் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். கார் டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்றிருக்கிறது. வண்டி இனி ஓடுமா என்றே தெரியவில்லை, ஆனால் அவர் கேட்டது, "அம்பது பர்சென்ட் இருக்கே சார், போயிடுமே, யோசிக்கட்டுமா?" என்று. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தச் சேதத்துக்காகத்தான் அவர் இத்தனை வருடம் பிரீமியம் கட்டினார். லட்சக்கணக்கில் செலவு வரும்போது போனஸைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது. அவருக்கு நான் சொன்னது இரண்டே விஷயம்: உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள், சாவியைத் தொடாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துப் பூட்டிக்கொள்ளும். அந்தச் சேதத்தை, 'இன்ஜின் புரொடெக்ட்' என்று இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பை எடுக்காதவர்களுக்குக் கம்பெனிகள் மறுப்பது வழக்கம். வேனில் ஏற்றி வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதுதான் வழி.

அதேபோல், யாருக்காவது காயம் பட்ட விபத்தை போனஸுக்குப் பயந்து மறைக்கவே கூடாது. போலீசுக்கும் கம்பெனிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி பக்கம் வரும் வழக்கு உங்கள் நோ க்ளெய்ம் போனஸைத் தொடாது. அது ஓ.டி. சம்பந்தப்பட்டது மட்டும்.

இனி, நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட க்ளெய்ம் நம்பர். பயப்பட வேண்டாம். தகவல் சொன்னதாலேயே போனஸ் போவதில்லை. பணம் எதுவும் தராமல் மூடிய க்ளெய்முக்கு போனஸைப் பறிக்காமல் விடுவதே வழக்கம். ஆனால் போனில் "வேண்டாம்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். கணினியில் அது 'நிலுவை' என்றே நின்றுவிட்டால், ரினியூவல் அன்று 50-க்குப் பதில் பூஜ்யம் வந்து நிற்கும், அப்போது நீங்கள் ஓடித் திரிய வேண்டியிருக்கும். மெயில் அனுப்பி, பணம் தராமல் மூடப்பட்டது என்றும் போனஸ் தொடரும் என்றும் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் வந்த பிறகு வண்டியை ரிப்பேருக்கு விடுங்கள். மழுப்பினால் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் பதியலாம். அதற்கு மேல் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, அங்கே செல்வதற்குக் கட்டணம் கிடையாது.

தம்பி உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த யோசனையால் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி மாறும்போது போனஸும் கூடவே வரும், அது உங்கள் உரிமை. அப்படி வரும்போது, "முடியும் பாலிசியில் க்ளெய்ம் எதுவும் இல்லை, நான் சொன்ன சதவீதம் சரி" என்று ஓர் உறுதிமொழி கொடுக்கிறீர்கள். ஆன்லைனில் அது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிப்பதோடு முடிந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. அதே உறுதிமொழியில், இது தவறு என்று தெரிந்தால் பாலிசியின் முதல் பிரிவில், அதாவது ஓ.டி.யில், எல்லா உரிமையையும் இழப்பதற்குச் சம்மதிக்கிறேன் என்றும் இருக்கும். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. பல வருடங்களாக எல்லாக் கம்பெனிகளின் பாலிசி விவரங்களும் இன்சூரன்ஸ் தகவல் மையத்தில் சேர்கின்றன, வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். என் வாடிக்கையாளர் இல்லை, யாரோ சொல்லி வந்தவர். முந்தைய கம்பெனியில் சிறு தொகைக்கு ஒரு க்ளெய்ம் வாங்கியிருக்கிறார், மறைத்துவிட்டு வேறு கம்பெனியில் 35 சதவீதக் கழிவோடு பாலிசி எடுத்திருக்கிறார். சில மாதம் கழித்து உளுந்தூர்பேட்டை அருகே வண்டி சென்டர் மீடியனில் ஏறி முன்பக்கம் முழுக்க நொறுங்கிவிட்டது. க்ளெய்மைப் பரிசீலிக்கும்போது பழைய கணக்கு வெளியே வந்தது. மிச்சப்படுத்தியது மூவாயிரத்துச் சொச்சம். அதற்காகப் பெரிய ரிப்பேர் பில்லை முழுவதும் அவரே கட்டினார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதில் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. விலை குறைத்துக் காட்டுவதற்காக ஏஜென்டோ ஷோரூம்காரரோ தவறான சதவீதத்தைப் போட்டுவிடுவார்கள். பாலிசி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது என்.சி.பி. என்ற வரிதான். தவறாக இருந்தால், விபத்து எதுவும் நடப்பதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதி, வித்தியாசத்தைக் கட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட் சொன்ன என்.சி.பி. புரொடெக்ட், க்ளெய்ம் வாங்கினாலும் போனஸ் போகாமல் காப்பது. இப்போது நடந்த இடிக்கு அது உதவாது. இடி நடந்த பாலிசியில் அது முன்பே இருந்திருக்க வேண்டும். ரினியூவலில் சேர்த்தால் அடுத்த வருடத்துக்குத்தான். வாங்கலாமா என்றால், உங்களுக்கு நான் வாங்கச் சொல்வேன். ஜி.எஸ்.டி.யோடு 755 ரூபாய் ஆகிறது. அது காப்பாற்றுவது நாம் மேலே பார்த்த 12,420 ரூபாயை. பதினாறு வருடத்துக்கு ஒரு முறை ஒரு க்ளெய்ம் வந்தாலே போட்ட காசு திரும்பிவிடும். நீங்கள் இருக்கும் தெருவில் தண்ணீர் வேனும் பள்ளி வேனும் ரிவர்ஸ் எடுப்பதை யோசித்தால் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருக்காது. முதல் படியில் 20 சதவீதத்தோடு இருப்பவருக்கு இதே விலையில் இது அவ்வளவு அவசியம் இல்லை.

ஆனால் வாங்குவதற்கு முன் விதிமுறைத் தாளைக் கேட்டுப் படியுங்கள். வருடத்துக்கு எத்தனை க்ளெய்ம் வரை காப்பாற்றும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்று என்பார்கள், இரண்டு என்பார்கள். வண்டி திருடு போனாலோ முழுச் சேதமானாலோ பொருந்துமா என்று தனியாகக் கேளுங்கள். இது காப்பது சதவீதத்தைத்தான், பிரீமியத்தை இல்லை. க்ளெய்ம் வாங்கியவருக்கு ஓ.டி. அடிப்படைக் கட்டணத்தையே உயர்த்திவிட்டு அதில் 50 சதவீதம் கழிப்பதற்குக் கம்பெனிக்குத் தடை எதுவும் இல்லை. புரொடெக்ட் மூலம் தப்பிய போனஸை வேறு கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்றும் நினைத்துவிடாதீர்கள், மாறுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், என்.சி.பி. புரொடெக்ட்டைவிட இன்ஜின் புரொடெக்ட் முதலில். தாமிரபரணிக் கரையில் இருப்பவருக்கு நான் வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

ரினியூவல் தேதியைப் பற்றி இதையும் சொல்லிவிடுகிறேன். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் போனஸ் நிற்கும், 91-வது நாள் எல்லாம் போய்விடும். ஆனால் அந்த 90 நாளை அவகாசமாக நினைக்கக் கூடாது. போனஸுக்குத்தான் அந்தச் சலுகை, பாதுகாப்புக்கு இல்லை. முடிந்த அன்று நள்ளிரவிலிருந்து வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. தேர்டு பார்ட்டி இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும்கூடச் சட்டத்தில் இருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. போகாது, டீச்சர். நோ க்ளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்தது இல்லை, பாலிசிதாரரைச் சேர்ந்தது. ஒருவர் உயிரோடு இருக்கும்போது அதை மகனுக்கோ தம்பிக்கோ எழுதிக் கொடுக்க முடியாது. பாலிசிதாரர் இறந்து, அந்த வண்டி மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் கைக்குப் போனால் மட்டும் போனஸும் அவர்களுக்குப் போகும். உங்கள் கணவர் சேர்த்தது அப்படித்தான் உங்களிடம் வந்தது. இப்போது அது முழுக்க உங்களுடையது. இந்த நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் சொல்கிறேன்: இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியோ அதுவரைதான் பழைய பாலிசி செல்லும். துக்கத்தில் இதெல்லாம் நினைவுக்கு வராது, ஆனால் அதற்குள் இறப்புச் சான்றிதழோடு கம்பெனிக்கு எழுத வேண்டும். நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

வண்டியை விற்றதும், ஆர்.சி. மாறிய நகலோ விற்பனைக்கான 29, 30-ம் படிவங்களின் நகலோ கொடுத்து, உங்கள் கம்பெனியில் என்.சி.பி. நிறுத்திவைப்புக் கடிதம் ஒன்று கேளுங்கள். அதில் 50 சதவீதம் என்று எழுதித் தருவார்கள், மூன்று வருடம் வரை செல்லும். வண்டியை வாங்குபவருக்கு உங்கள் போனஸ் போகாது. அவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், மீதியுள்ள காலத்துக்கு போனஸ் வித்தியாசத்தையும் அவர்தான் கட்ட வேண்டும். புரோக்கர், "பாலிசி அப்படியே ஓடட்டும், விடுங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கடிதத்தைப் புதுக் காருக்கான பாலிசியில் கொடுங்கள். கார் போனஸ் காருக்குத்தான், ஸ்கூட்டருக்குச் செல்லாது. பாலிசி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மகன் பெயரில் வாங்கினால் கிடைக்காது. ஷோரூமில் இதை அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். புதுக் காரில் ஓ.டி. பெரியது. உதாரணத்துக்கு 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருடமே 11,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் குறையும். இப்போது க்ளெய்ம் போட்டுவிட்டு அடுத்த வருடம் வாங்கினால் உங்கள் கையில் இருப்பது 20 சதவீதம், குறைவது 4,400. இதற்காகத்தான் பம்பருக்குக் க்ளெய்ம் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

இன்றைக்கே இந்த மெயிலைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்: "என் பாலிசி எண் இது. இன்ன தேதியில் நடந்த சேதத்துக்காக இந்த எண்ணில் க்ளெய்ம் பதிவு செய்திருந்தேன். சர்வே நடக்கவில்லை, எந்தத் தொகையும் நான் பெறவில்லை. இந்தக் க்ளெய்மைத் திரும்பப் பெறுகிறேன். பணம் எதுவும் தராமல் இது மூடப்பட்டது என்பதையும், வரும் ரினியூவலில் என் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதமாகத் தொடரும் என்பதையும் எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்." பதில் வந்ததும் ஒரு பிரின்ட் எடுத்து, உங்கள் கணவர் வருட வாரியாக வைத்திருந்த அதே ஃபைலில், இந்த வருடத்துக்கு நேராக வையுங்கள்.